மகன் கையில் ரேடியோ, அம்மாவுக்குக் கவலை

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பிளஸ் டூ படிக்கிற பையன் நடுராத்திரியில் "கே இண்டெக்ஸ் ஏறிடுச்சு" என்று புலம்புகிறான், கெமிஸ்ட்ரி மார்க் இறங்கிவிட்டது என்கிறீர்கள். அவன் வெட்டியாக உட்கார்ந்திருக்கவில்லை. சிற்றலை ரேடியோ தூர தேசம் போவது, மேலே அயனி மண்டலத்தில், அதாவது உயரத்தில் மின்னூட்டம் ஏறிய காற்றடுக்கில், பட்டுத் திரும்புவதால்தான். அந்த மண்டலம் சூரியனின் தயவில் இருக்கிறது. கனடாவில் பென்டிக்டன் என்ற இடத்தில் சூரியனின் ரேடியோ வீச்சைத் தினமும் அளக்கிறார்கள். அந்த எண் 70 அளவில் கிடந்தால் அவனுடைய 27 மெகாஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்ட் (பொதுமக்கள் பேசிக்கொள்ள விட்டிருக்கும் அலைவரிசை) பெரும்பாலும் உள்ளூரோடு சரி. 150-ஐத் தாண்டினால் பகலில் கடல் தாண்டியும் கேட்கலாம். பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று சொல்லும் கே இண்டெக்ஸ் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை 0 முதல் 9 வரை வரும். 5 வந்தால் காந்தப் புயல். காசிமேட்டில் காற்று பார்த்துப் படகு எடுக்கிற மாதிரிதான் இதுவும்.

ஆனால் போனில் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, காதால் கேட்க வேண்டும். 14.100 மெகாஹெர்ட்ஸில் உலகின் பல மூலைகளிலிருந்து 18 பீக்கன் நிலையங்கள் (அலை எட்டுகிறதா என்று பார்க்க அடையாளக் குறி அனுப்புபவை) ஆளுக்கு 10 வினாடி மோர்ஸில் அழைக்கும்படி முறை வைத்திருக்கிறார்கள். 3 நிமிடத்தில் ஒரு சுற்று. கொழும்பும் ஜப்பானும் அந்தப் பட்டியலில் உண்டு. எஸ்.எஸ்.பி. (சிங்கிள் சைட்பேண்ட் என்ற ஒலிபரப்பு முறை) வசதியுள்ள சாதாரண ரிசீவரே போதும். எது கேட்டது, எத்தனை மணிக்கு, அன்றைய எண்கள் என்ன என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்துக் கொழும்பு கேட்காமல் ஜப்பான் கேட்கிற நாளும் வரும். ஏன் என்று கேளுங்கள். மேலே பட்ட கொழும்பு அலை நம்மைத் தாண்டிப் போய் இறங்கியது என்று வரைந்து காட்டினானானால், அவனுக்கு இயற்பியல் வரும். மார்க் ஷீட்டைவிட அந்தப் படத்தைத்தான் நான் நம்புவேன்.

கப்பலில் ரேடியோ ஆபீசர் ஆக்கலாம் என்று மாமா சொன்னதை மறந்துவிடுங்கள். செயற்கைக்கோளும் தானியங்கிக் கருவிகளும் வந்தபின், 1999-க்குப் பிறகு அந்தத் தனிப் பதவியே வழக்கொழிந்துவிட்டது. இ.சி.இ. டிப்ளமோ முடித்தால் தமிழ்நாடு காவல்துறையில் எஸ்.ஐ. (தொழில்நுட்பம்) தேர்வு எழுதலாம். கணிதம், இயற்பியலோடு பி.எஸ்சி. முடித்தால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். வங்கக் கடலுக்கு மேலே பறக்கும் விமானங்களோடு பேச இன்றும் சிற்றலை உதவுகிறது. எனக்குப் பிடித்த வழி நீளமானது: எம்.எஸ்சி. இயற்பியல், பிறகு ஆராய்ச்சி. காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு) நம் தென்மாவட்டங்களை ஒட்டிப் போவதால், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடமே வைத்திருக்கிறது. சம்பளம் கைக்கு வர வருடங்கள் ஆகும். வீட்டு நிலைமை தாங்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பொறியியல்தான் என்றால் 200 கட் ஆஃபில் கெமிஸ்ட்ரிக்கு 50. ஆகவே பொதுத்தேர்வு வரை ராத்திரி ரேடியோ வேண்டாம், விடியலில் அரை மணி நேரம் போதும்.

ஹாம், அதாவது பொழுதுபோக்கு ரேடியோ, உரிமத் தேர்வை 12 வயது முடிந்தாலே எழுதலாம், ரெஸ்ட்ரிக்டட் பிரிவுக்கு மோர்ஸ் தேவையில்லை. பரீட்சை முடிந்த விடுமுறையில் எழுதட்டும். உரிமம் வரும்வரை ஹாம் அலைவரிசைகளில் கேட்கலாம், பேசக் கூடாது. மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டியிருந்தால் நீங்களே ஒருமுறை ஏறிப் பாருங்கள்: அது சாய்ந்து விழுந்தாலும் ஈ.பி. கம்பியைத் தொடக் கூடாது.