தேயிலைக்குள் போன பந்து

கேள்வி: அமெரிக்க பேஸ்போல் நட்சத்திரங்களின் ஹோம் ரன் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். வீசுகிறவர் அடிப்பதற்குத் தோதாகவே வீசுகிறாரே, இது என்ன போட்டி?
– வாசகர், தலவாக்கலை

பதில்: பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பதுதான் ஹோம் ரன், நம் கிரிக்கெட் சிக்ஸர் போல. வீசுகிறவர் எதிரணிக்காரர் இல்லை, அடிப்பவரே கூட்டி வந்த ஆள். 2025இல் அட்லாண்டாவில் வென்ற கேல் ராலிக்குப் பந்து வீசியவர் அவருடைய அப்பா. பின்னால் குந்தியிருந்து பிடித்தவன் தம்பி. குடும்பமே வேலைக்கு இறங்கியதைப் போல!

1985இல் தொடங்கிய இந்தப் போட்டியில், வேலியைத் தாண்டாத அடி ஒவ்வொன்றும் 'அவுட்' என்றே 2014 வரை எண்ணினார்கள். அடுத்த ஆண்டு, குறித்த நேரத்துக்குள் அடிக்க வேண்டும் என்று கடிகாரம் வந்துவிட்டது. எனக்குப் பழைய விதிதான் பிடிக்கும், சொந்தக் காரணம் உண்டு. நான் விளையாடிய தோட்டத்து மைதானத்தில் விதி நேர் எதிர்: பந்து தேயிலைக்குள் போனால் அடித்தவன் அவுட். இருந்தது ஒரே பந்து. அதைத் தேடிச் செடிகளுக்குள் இறங்கினால் முழங்கால் வரை அட்டை. நான் ஆட்டமிழந்ததில் பாதி இப்படித்தான். அங்கே இதே குற்றத்தில் முதலிடம் பிடிப்பவருக்கு 10 இலட்சம் டொலர் தருகிறார்கள்.

கேள்வி: குளிர்ப் பிரதேசத்தில் பந்து கூடுதல் தூரம் பறக்கும் என்கிறான் என் மகன். சரியா?
– வாசகி, நானுஓயா

பதில்: பாதி சரி, அம்மா. தூரம் கூடுவது உயரத்தால். குளிர்காற்று அடர்த்தியானது, அது பந்தை மறிக்கவே செய்யும். அமெரிக்காவின் டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. மேலே காற்று மெலிந்திருப்பதால் பந்தின் வேகம் சீக்கிரம் தணிவதில்லை. 2021இல் அங்கு நடந்த போட்டியில் ஹுவான் சோட்டோ 520 அடி தூரத்துக்கு ஒன்றை அனுப்பினார். (ஆனாலும் வென்றவர் பீட் அலொன்சோ.) காய்ந்த பந்து கூடுதலாகத் துள்ளுகிறது என்று, அந்த மைதானத்தார் 2002 முதல் ஆட்டப் பந்துகளை ஈரப்பதமுள்ள அறையில் வைத்து எடுக்கிறார்கள்.

நுவரெலியா 6,000 அடிக்கும் மேல். கணக்குப்படி டென்வரை நாம் மிஞ்ச வேண்டும். ஆனால் அவர்கள் நட்சத்திர ஆட்டம் வைக்கும் ஜூலையில் இங்கே மூடுபனி, தூறல். நமக்கு ஈர அறை எதற்கு? நனைந்த டென்னிஸ் பந்தை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், மகனுக்கு மீதிப் பாதியும் விளங்கும்.

கேள்வி: நட்சத்திர ஆட்டம் சமநிலையில் முடிந்தால்?
– வாசகர், பண்டாரவளை

பதில்: அது அமெரிக்க லீக், தேசிய லீக் என்ற இரு பிரிவுகளின் நட்சத்திரங்கள் மோதும் ஆட்டம். 2002இல் மில்வாக்கியில், வழக்கமான 9 இன்னிங்ஸைத் தாண்டி 11 முடிந்தும் 7–7. பந்து வீச ஆள் தீர்ந்துபோனதால் அப்படியே கலைந்தார்கள். 2025இல் 6–6 என்றானபோது, அணிக்கு மூவர், ஆளுக்கு மூன்று முறை மட்டையைச் சுழற்றலாம், ஹோம் ரன் கூடிய அணிக்கு வெற்றி என்று வைத்தார்கள். கைல் ஷ்வார்பர் மூன்றையும் வேலிக்கு அப்பால் அனுப்ப, தேசிய லீக் ஹோம் ரன் கணக்கில் 4–3 என்று வென்றது.

எங்கள் மைதானத்தில் அவர் மூன்று முறை அவுட்.