பொய்கை சந்தையில் மாடு: விலை இறங்கும் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: மகளிர் குழுக் கடனில் ஒரு கறவை மாடு வாங்க நினைக்கிறேன். ஐப்பசி மழை முடிந்ததும் வேலூர் பக்கத்துப் பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போனோம். இரண்டாம் ஈத்து (இரண்டாவது முறை கன்று ஈன்றது), கன்றோடு இருந்த கலப்பின மாட்டுக்கு 62,000 ரூபாய் சொன்னார்கள். ஒரு நாளைக்கு 12 லிட்டர் கறக்குமாம். போன சித்திரையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இதே மாதிரி மாட்டை 48,000-க்கு ஓட்டி வந்தார். விலை இறங்கட்டும் என்று காத்திருக்கலாமா?
– ஒரு வாசகி, அணைக்கட்டு

பதில்: அம்மா, நீங்கள் பார்த்த வித்தியாசம் உண்மைதான். பங்குனி, சித்திரையில் வரப்பெல்லாம் காய்ந்துவிடும். வைக்கோல் கட்டு விலை ஏறிவிடும். தீனி போட முடியாதவர்கள் மாட்டைச் சந்தைக்கு ஓட்டி வருவார்கள், விலை படுத்துவிடும். மழை பெய்து புல் முளைத்தால் கறவை மாட்டை யாரும் விற்க மாட்டார்கள். வரத்து குறையும். அதே நேரம் ஆந்திரா, கர்நாடகாவிலிருந்து வரும் வியாபாரிகளும் வாங்க நிற்பார்கள். சந்தை கூடும் செவ்வாய்க்கிழமைக்குச் செவ்வாய்க்கிழமை விலை மாறுவது இதனால்தான். தை பிறந்தால் நம் பக்கம் காளைகளை ஓடவிடும் மாடு விடும் விழா. அப்போது ஏறுவது காளை விலை. அதைப் பார்த்துவிட்டு 'எல்லா மாடும் ஏறிப்போச்சு' என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் 14,000 ரூபாய்க்காகச் சித்திரை வரை காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த 12 லிட்டரை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? அதுதான் என் கவலை. 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 35 ரூபாயாக உயர்த்தினார்கள். 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது. அந்த 38 ரூபாய்க் கணக்கில், 12 லிட்டர் என்று வாங்கிய மாடு 8 லிட்டர்தான் கறந்தால் ஒரு நாளைக்கு 152 ரூபாய் போச்சு. மூன்றே மாதத்தில் அந்த 14,000 கரைந்துவிடும். குறைந்த பாலுக்குத் தீவனமும் கொஞ்சம் குறையும்தான். கடன் தவணை குறையாதே.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. அப்பா ஒரு முறை சந்தையில் மாடு வாங்கினார். மடி பானை மாதிரி புடைத்து, காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது. துண்டுக்குள் விரல் பிடித்து, வெளியே தெரியாமல் விலை பேசி, ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். மறுநாள் காலையில் அம்மா கறந்தபோது சொம்பு நிறையவில்லை. முந்தின நாள் முழுக்கக் கறக்காமல் பால் கட்டி ஓட்டி வந்திருக்கிறார்கள். அம்மா அந்தச் சொம்பைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் சந்தையில் மாட்டைப் பிடித்துப் போனால், விற்பவர் ஊருக்கே போய் ஒரு சாயங்காலக் கறவையும் மறுநாள் காலைக் கறவையும் பாருங்கள். வியாபாரி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு மாடு பார்க்கலாம். கறந்து முடித்ததும் மடி தளர்ந்து சுருங்க வேண்டும். கறந்த பிறகும் கல் மாதிரி இருந்தால் மடிநோய் வந்து போன மாடாக இருக்கலாம். நான்கு காம்பிலும் தனித்தனியாகப் பீய்ச்சிப் பாருங்கள், பாலில் திரியோ (திரிந்த கட்டியோ) ரத்தமோ வரக்கூடாது. கூட நிற்கும் கன்று அதனுடையதுதானா என்பதையும் கவனியுங்கள். தன் கன்றென்றால் நக்கிக்கொடுக்கும், வேற்றுக் கன்றை உதைத்துத் தள்ளும்.

காதில் 12 இலக்க அடையாள வில்லை இருக்கிறதா என்று பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காப்பீடு இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், வில்லை இல்லாமல் இழப்பீடு கேட்க முடியாது. சந்தை ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: பல்லைப் பார்த்து வயது சொல்கிறார்கள். நம்பலாமா? சுழி (மாட்டின் உடம்பில் மயிர் சுழன்றிருக்கும் இடம்) சரியில்லை என்று ஒரு நல்ல மாட்டை வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: பல்லை நம்பலாம். ஏறக்குறைய இரண்டு வயதில் பால்பல் விழுந்து இரண்டு பெரிய பல் போடும். நான்கு வயதை ஒட்டி எட்டுப் பல்லும் சேரும். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே மட்டும் பாருங்கள். 'இரண்டாம் ஈத்து' என்று சொல்லும் மாட்டுக்கு எட்டும் தேய்ந்து இடைவெளி விழுந்திருந்தால் ஐந்தாறு ஈத்து ஆகியிருக்கும். கொம்பு வளையத்தை வைத்தும் ஈத்து கணக்கிடுவார்கள், ஆனால் அதைச் சீவி விடுகிறார்கள்.

சுழிக்கும் பாலுக்கும் சம்பந்தம் இல்லை. சுழியால் விலை குறைகிறதென்றால் உங்களுக்கு லாபம். ஆனால் நாளைக்கு விற்கும்போதும் அதே சுழியைக் காட்டி விலையைக் குறைப்பார்கள். விற்கிற எண்ணம் இல்லாதவர் தாராளமாக வாங்கலாம். சினை என்று சொன்னால் மட்டும் வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள், கால்நடை மருத்துவரைக் கைவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கூப்பிடலாம்.

கேள்வி: வளர்ப்புக்கு நான்கு ஆட்டுக்குட்டி வாங்க எது நல்ல மாதம்?
– ஒரு வாசகர், ஒடுகத்தூர்

பதில்: உங்கள் ஊர் வெள்ளிக்கிழமைச் சந்தையிலேயே புரட்டாசியில் வாங்குங்கள். கறி சாப்பிடுகிறவர்கள் குறைவதால் விலை தணிந்திருக்கும். தீபாவளி நெருங்கினால் ஏறிவிடும், பக்ரீத்துக்கு முந்தைய வாரங்களில் கிடாய்க்குச் சொன்னதுதான் விலை. புரட்டாசியில் மழைக்காலம் தொடங்குவதால், நோய் தொற்றாமல் இருக்க, வாங்கிய குட்டிகளை இரண்டு வாரம் பழைய ஆடுகளோடு சேர்க்காமல் தனியாகக் கட்டி வையுங்கள்.