பழைய ஸ்போர்ட்ஸ் காரில் சஸ்பென்ஷன் பிராக்கெட்டை வெல்டிங் செய்துவிடலாமா, போல்ட்டே போதுமா?

கார் கம்பெனி போல்ட் போட்ட இடத்தில் போல்ட்டே இருக்கட்டும். பிராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) தகடு அரித்துப்போயிருந்தால் அந்தத் தகட்டுக்கு வெல்டிங் செய்யுங்கள், பிராக்கெட்டுக்கு வேண்டாம்.

"போல்ட் அடிக்கடி தளர்கிறது, ஒரேயடியாக ஒட்டிவிட்டால் தொல்லை தீருமே" என்று கேட்டிருக்கிறீர்கள். போல்ட் தளர்ந்தால் பெரும்பாலும் கோளாறு அதைச் சுற்றித்தான் இருக்கும். இறுக்கும்போது போல்ட் துளியளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப முயலும் அந்த இழுப்பு பிராக்கெட்டையும் சேசிஸையும் சேர்த்து நெரிக்கிறது. பிராக்கெட்டை நகரவிடாமல் பிடிப்பது அந்த நெரிப்பால் வரும் உராய்வு. நடுவில் கனமான பெயின்ட் இருந்தால் நாளடைவில் அது நசுங்கி, இறுக்கம் போய்விடும். உள்ளே வெற்றிடமான பெட்டிச் சேசிஸில் குறுக்கே போல்ட் போனால் சுவரே உள்வாங்கும். அங்கே போல்ட் நுழையும்படி ஒரு குழாய்த் துண்டை உள்ளே நிறுத்த வேண்டும். துளை ஏற்கெனவே நீள்வட்டமாகியிருந்தால் புது போல்ட் போட்டும் பயனில்லை.

டிரையம்ஃப் டிஆர்6 என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின்பக்க ட்ரெய்லிங் ஆர்மை (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) பிடிக்கும் பிராக்கெட்டுகளில் ஒன்று, இரண்டு, மூன்று என வெட்டு அடையாளங்கள் இருக்கும். எந்த பிராக்கெட்டை எங்கே, எப்படித் திருப்பிப் போடுகிறோம் என்பதை வைத்துதான் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம், அமைகிறது. சேசிஸுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்து டோவை, அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பும் அளவை, சரிபார்ப்பார்கள். ஒட்டிவிட்டால் இதெல்லாம் போச்சு. வெல்டிங் குளிரும்போது உலோகம் சுருங்கி பிராக்கெட்டை ஒரு பக்கம் இழுக்கும் வேறு. ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் சக்கரத்தின் கோணம் மாறும், திருத்த கிரைண்டர்தான் வழி.

அதே காரில் வெல்டிங் கட்டாயம் தேவைப்படும் இடமும் உண்டு. டிஃபரென்ஷியலை (பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) தாங்கும் ஸ்டட்டுகள் (நிலையாகப் பொருத்திய திருகுக் கம்பிகள்) சேசிஸோடு சேரும் தகடுகள் விரிசல் விடுவது அந்த வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வியாதி. விரிசலை மட்டும் நிரப்பினால் பக்கத்திலேயே மறுபடி விடும். விரிசலை அடைத்தபின் சுற்றிலும் தகடு வைத்துப் பெட்டி போல மூட வேண்டும்.

வலுவூட்டும் தகட்டை பிராக்கெட்டைவிடப் பெரிதாக வெட்டி, மூலைகளை உருட்டிவிடுங்கள். கூர்மூலையில்தான் அடுத்த விரிசல் பிறக்கும். வெல்டிங்குக்குப் பக்கத்தில் உள்ள ரப்பர் புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளை), பெட்ரோல் பைப், பிரேக் பைப்பைக் கழற்றிவிட்டு, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். ஒரே மூச்சில் ஓட்டாமல், இடம் மாற்றி மாற்றிச் சிறு துண்டுகளாகப் போட்டால் கோணல் குறையும். சேசிஸின் உட்பக்கம் பெயின்ட் வெந்து போயிருக்கும். அங்கே மெழுகு அடிக்காமல் விட்டால் துரு உள்ளிருந்து தின்னும். பலரும் கோட்டைவிடுவது இதைத்தான்.

போல்ட்டுகளை 8.8 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையாமல், பழையது அதைவிட உயர்ந்த தரமென்றால் அதே தரத்தில் வாங்குங்கள். பிராக்கெட் போல்ட்டுகளை டார்க் ரென்ச் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) வைத்து முதலிலேயே இறுக்கிவிடலாம். ரப்பர் புஷ்ஷுக்குள் போகும் போல்ட்டை மட்டும் கார் தன் எடையில் தரையில் நிற்கும்போது இறுக்குங்கள். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.