வலிக்கு ஒரு காலண்டர், உங்களுக்கு ஒரு நோட்டு

கேள்வி: ஐந்து வருடமாக முடக்குவாதத்தோடு இருக்கிறேன். மனசு லேசாகும் என்று தோழி சொன்னதால் டைரி எழுத ஆரம்பித்தேன். மூன்று மாதம் கழித்துப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் 'இன்றும் வலி'. எனக்கே அலுத்துவிட்டது. விரல் வீங்கிய நாட்களில் எழுதவில்லை. அந்தக் காலிப் பக்கங்களைப் பார்த்தால் குற்ற உணர்ச்சி வேறு. நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். மருத்துவரிடம் சொல்ல வேண்டியதையும் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ள வேண்டியதையும் ஒரே டைரியில் போட்டிருக்கிறீர்கள். முதலில் இரண்டையும் பிரியுங்கள்.

'இன்றும் வலி' என்பது மருத்துவருக்கும் உதவாது. காலையில் எழுந்ததும் மூட்டுகள் எவ்வளவு நேரம் விறைத்திருக்கின்றன என்றுதான் அவர் கேட்பார். இருபது நிமிடமும் இரண்டு மணி நேரமும் அவருக்கு ஒன்றல்ல. ஆகவே காலண்டர் கட்டத்துக்குள் மூன்றே குறிப்பு: விறைப்பு எத்தனை நிமிடம், வலி பத்துக்கு எத்தனை, மாத்திரை போட்டாயிற்றா. அவ்வளவுதான். ஞாபகத்தை நம்பிப் போனால், படுமோசமான நாளும் கடைசி இரண்டு நாளும்தான் வாயில் வரும். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. 'மாதம் முழுக்க வலி டாக்டர்' என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். குறித்துப் பார்த்தால் ஏழு நாள்! கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சரி, உங்கள் நோட்டுக்கு வருவோம். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1999-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆஸ்துமா, முடக்குவாதம் உள்ளவர்களிடம், வாழ்க்கையில் தங்களை மிகவும் உலுக்கிய அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். தினம் 20 நிமிடம், 3 நாள். 4 மாதம் கழித்துப் பார்த்தபோது, சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிட இவர்களில் அதிகம் பேருக்கு நோய் தணிந்திருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் இவ்வளவு தெளிவாக இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுக்காதீர்கள். எனக்குப் பிடித்தது வேறு: நோயைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த மூன்று நாளுக்குப் பிறகும் தினமும் எழுதச் சொல்லவும் இல்லை.

நீங்களும் வலியை விட்டுவிட்டு, அன்று நடந்ததை எழுதிப் பாருங்கள். 'சட்டைப் பொத்தான் போட வரவில்லை. மகனைக் கூப்பிட்டேன். போனைப் பார்த்துக்கொண்டே போட்டுவிட்டான். சுள்ளென்று கோபம் வந்தது, அவன் மேலா, விரல் மேலா, தெரியவில்லை.' நாலு வரிதான். ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் இது அலுக்காது.

மனதை உலுக்கியதை எழுதினால் அன்றைக்குக் கொஞ்சம் கனக்கும். பெரும்பாலும் அது போய்விடும். போகாமல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற வரி எட்டிப் பார்த்தாலோ, நோட்டை மூடிவிட்டு அன்றே மருத்துவரிடமோ நெருங்கியவரிடமோ வாய்விட்டுப் பேசுங்கள்.

கைக்குத் தடித்த பேனா நல்லது. மெல்லிய பேனாதான் இருக்கிறதென்றால் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்; இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது. அதுவும் முடியாத நாளில் போனில் பேசிப் பதிவு செய்யலாம். இல்லையா, சும்மா இருங்கள்.

அப்புறம், தேதி அச்சிட்ட அந்த டைரியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். தேதி போடாத சாதாரண நோட்டு ஒன்று வாங்கி, எழுதுகிற அன்றைக்கு மட்டும் மேலே தேதி போடுங்கள். இருபது நாள் விட்டுப்போனாலும் அடுத்த தேதி அடுத்த வரியிலேயே வந்துவிடும்.