அஞ்சல் சேவையகத்தில் மாற்று முகவரிகள்: கேள்வி பதில்

கொழும்பில் சிறு நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருளில் இயங்கும் மின்னஞ்சல் சேவையகங்களைப் பராமரித்து வருகிறேன். ஒரு முகவரிக்கு வரும் கடிதத்தை வேறொரு முகவரிக்கோ பெட்டிக்கோ திருப்பிவிடும் மாற்று முகவரிகளைத் தரவுத்தளத்தில் வைத்து நடத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

அக்கா, புறக்கோட்டையில் எங்கள் புடவைக் கடைக்கு விற்பனை, கணக்கு என்று பல முகவரிகள் உண்டு. ஆள் மாறும்போதெல்லாம் முகவரிக் கோப்பைத் திருத்தி, அதைப் போஸ்ட்ஃபிக்ஸ் தேடும் வடிவுக்கு மாற்றும் போஸ்ட்மேப் கட்டளை கொடுக்கிறேன். தரவுத்தளத்துக்கு மாறுவது நல்லதா?

மாறிவிடுங்கள், தம்பி. அட்டவணைக்கு இரண்டு நிரல்கள் போதும்: கடிதம் வரும் முகவரி, அது போகவேண்டிய முகவரி. கடிதம் வரும்போதே போஸ்ட்ஃபிக்ஸ் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திடம் கேட்டுவிடும். நிரையை மாற்றியவுடன் மாற்றம் நடைமுறைக்கு வரும். ஒரு முகவரிக்கு நான்கு பேர் என்றால் நான்கு நிரைகளாக எழுதுங்கள். காற்புள்ளியிட்டு ஒரே நிரையில் அடைத்தால், ஒருவர் விலகும்போது மற்றவர்களின் முகவரியில் கைவைக்க நேரும். போஸ்ட்ஃபிக்ஸுக்குக் கொடுக்கும் தரவுத்தளக் கணக்குக்கு வாசிக்கும் உரிமை மட்டும் இருக்கட்டும்.

பம்பலப்பிட்டியில் பழைய மாணவர் சங்கம் ஒன்றை நடத்துகிறோம். உறுப்பினர் முகவரிகளுக்கு வருவதை அவரவர் ஜிமெயிலுக்கு அனுப்புகிறோம். சில கடிதங்கள் திரும்பிவிடுகின்றன. அட்டவணையில் பிழையா?

அட்டவணை சரியாகத்தான் இருக்கும். ஒரு வங்கி உங்கள் உறுப்பினருக்குக் கடிதம் அனுப்புகிறது என்று வையுங்கள். தன் பெயரில் எந்த ஐபி முகவரிகள் அஞ்சல் அனுப்பலாம் என்பதை வங்கி தன் டொமைனின் எஸ்பிஎஃப் என்ற பதிவில் அறிவித்திருக்கும். நீங்கள் அப்படியே மேலனுப்பும்போது ஜிமெயில் காண்பது உங்கள் ஐபியை. அது அந்தப் பதிவில் இல்லை. சோதனை தோற்கிறது. அனுப்பியவரின் சேவையகம் இட்ட டிகேஐஎம் என்ற மின் கையொப்பம் சிதையாமல் இருந்தால் மட்டுமே கடிதம் பிழைக்கும். அந்தக் கையொப்பம் தலைப்பையும் உள்ளடக்கத்தையும் சேர்த்தே இடப்படுவது. தலைப்பில் சங்கத்தின் பெயரைச் செருகினாலோ அடியில் ஒரு வரி சேர்த்தாலோ அது முறிந்துவிடும். இந்தச் சோதனைகளில் தோற்ற கடிதத்தை என்ன செய்வது என்று அனுப்பியவர் அறிவிக்கும் டிமார்க் கொள்கையில் நிராகரிக்கச் சொல்லியிருந்தால் கதை முடிந்தது.

எஸ்ஆர்எஸ் என்ற முறையைப் போட்டால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். உறையில், அதாவது சேவையகங்கள் தங்களுக்குள் பரிமாறும் தகவலில், உள்ள அனுப்புநர் முகவரியை உங்கள் டொமைனுக்கு மாற்றி எழுதுவதால் எஸ்பிஎஃப் தேறிவிடும். போஸ்ட்எஸ்ஆர்எஸ்டி என்ற மென்பொருள் அதைச் செய்யும். ஆனால் டிமார்க் பார்ப்பது, வாசகர் கண்ணில் படும் அனுப்புநரின் டொமைனை. அது இன்னமும் வங்கியுடையதுதான். ஆகவே கடிதத்தின் உள்ளே ஒரு எழுத்தையும் தொடாதீர்கள். எரிதங்களையும் (ஸ்பாம் கடிதங்களையும்) மேலனுப்புவதற்கு முன்பே வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் கெட்ட பெயர் உங்கள் ஐபிக்குத்தான் வரும். முடிந்தவர்களுக்கு உங்கள் சேவையகத்திலேயே அஞ்சல் பெட்டி கொடுங்கள். மாற்று முகவரி வெளியே போகாதவரை இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

தரவுத்தளம் நின்றுபோனால் வரும் கடிதங்கள் தொலைந்துவிடுமா?

தொலையாது. போஸ்ட்ஃபிக்ஸ் 451 என்று தற்காலிக மறுப்புச் சொல்லும். அனுப்பிய சேவையகம் மீண்டும் மீண்டும் முயலும். அஞ்ச வேண்டியது வெற்று அட்டவணைக்கு. தரவுத்தளம் ஓடுகிறது, நிரை இல்லை என்றால் அப்படி ஒரு ஆளே இல்லை என்று பொருள். பதில் 550, நிரந்தர மறுப்பு. தரவுத்தளத்தைக் காப்புப் பிரதியிலிருந்து மீட்டெடுக்கும்போது முதலில் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்துங்கள். திரும்பத் தொடங்குவதற்கு முன் போஸ்ட்மேப் கட்டளையில் தேடிப் பார்க்கும் -q தெரிவைக் கொடுத்து, தெரிந்த ஒரு முகவரியைக் கேட்டுப் பாருங்கள்.

டொமைனுக்கு வரும் எல்லாவற்றையும் பிடிக்க ஒரு நிரை சேர்த்தேன். அன்றிலிருந்து வெள்ளவத்தைக் கிளையில் யாருக்கும் கடிதம் வருவதில்லை, அக்கா.

மாற்று முகவரித் தேடல் அஞ்சல் பெட்டிக்கு முன்னால் நடக்கிறது. தனி நிரை இல்லாத எல்லோரையும் அந்தப் பொது நிரை விழுங்கிவிட்டது. பெட்டி உள்ள ஒவ்வொருவருக்கும் தன்னையே சுட்டும் ஒரு நிரை சேருங்கள். என்னைக் கேட்டால் பொது நிரையே வேண்டாம். அதில் பெரும்பாலும் குப்பைதான் சேரும்.

தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்கலாமா?

வைக்கலாம், வைக்கவும் வேண்டும். டொட் இலங்கை என்ற தமிழ் மேல்நிலைப் பெயர் 2010இலிருந்து இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் 2015இல் வெளிவந்த 3.0 பதிப்பிலிருந்து இதற்குரிய எஸ்எம்டிபியூடிஎஃப்8 (SMTPUTF8) வசதியைத் தருகிறது. ஜிமெயில் 2014இலேயே இத்தகைய முகவரிகளுடன் கடிதப் பரிமாற்றத்தை ஏற்றுக்கொண்டது. முகவரி நிரலை யூடிஎஃப்8எம்பி4 (utf8mb4) என்ற எழுத்துக் குறியாக்க வகையில் அமையுங்கள். இந்த வசதி இல்லாத சேவையகத்துக்குத் தமிழ் முகவரியிலிருந்து அனுப்பினால் கடிதம் திரும்பிவிடும். அதனால் ஒவ்வொருவருக்கும் ஆங்கில எழுத்து முகவரி ஒன்றும் இருக்கட்டும். இரண்டும் ஒரே பெட்டிக்கு வருமாறு இரண்டு நிரைகள் எழுதிவிடுங்கள்.