ஹெதர் பூத்த மேட்டுவெளியில் நீராவி ரயில்: வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்தின் வடகிழக்கில் பிக்கரிங் என்ற சிற்றூரிலிருந்து குரோமான்ட் கிராமம் வரை 18 மைல், அங்கிருந்து விட்பி துறைமுகத்துக்கு மேலும் 6 மைல் என ஓடுகிறது நார்த் யார்க்‌ஷயர் மூர்ஸ் ரயில்வே. அந்த நீராவி ரயிலைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

லீட்ஸ் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகவிருக்கிறோம். மேட்டுநிலம் முழுவதும் ஊதா நிறத்தில் பூத்திருக்கும் படம் ஒன்றைப் பார்த்ததிலிருந்து அந்த ரயிலில் போக ஆசையாக இருக்கிறது. எந்த மாதம் ஏற்றது?
– வாசகி, கோவை

ஆகஸ்ட் மாதத் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை போவது நல்லது. நீங்கள் படத்தில் பார்த்தது லிங் எனப்படும் ஹெதர் செடியின் பூவாக இருக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த, சற்று அடர்ந்த நிறம் கொண்ட பெல் ஹெதர் ஜூலையிலேயே பூக்கத் தொடங்கிவிடுகிறது.

ஆனால் போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வழித்தடத்தின் பெரும்பகுதி பள்ளத்தாக்கின் அடியிலேயே செல்வதால், ஜன்னல் வழியாக நீங்கள் அதிகம் காணப்போவது மரங்களும் ஓடைகளும் செங்குத்தான சரிவுகளும்தான். திறந்த மேட்டுவெளி கோத்லண்டுக்குத் தெற்கே, வழியின் உச்சிப் பகுதியில்தான் வண்டியை ஒட்டி வரும். பூக்களுக்காகவே போகிறவர்கள் கோத்லண்ட் நிலையத்தில் இறங்கி, கிராமத்தைத் தாண்டி மேட்டின் மேல் சிறிது தூரம் நடப்பதுதான் சரி. அங்கே ஹெதர் ஒரே சீராக இல்லாமல் திட்டுத்திட்டாகவும் வெவ்வேறு உயரங்களிலும் இருப்பதைக் கவனியுங்கள். மனிதர் கை படாத காடு போலத் தோன்றினாலும், வெண்கலக் காலத்திலிருந்தே மரங்களை அழித்தும் ஆடுகளை மேயவிட்டும் மனிதர்கள் உண்டாக்கிய நிலம் அது. செந்நிறக் குரூஸ் பறவைகளுக்கு இளந்தளிர் கிடைப்பதற்காக, முற்றிய செடிகளைக் குளிர்காலத்தில் பகுதி பகுதியாக எரித்து இன்றும் அதைப் பராமரிக்கிறார்கள்.

இவ்வளவு கரடுமுரடான இடத்தில் ரயில் போட வேண்டிய தேவை என்ன? யார் போட்டது?
– வாசகர், மதுரை

விட்பி கடலைப் பார்த்து வாழ்ந்த ஊர். அதன் பின்னால் இருந்த மேட்டுநிலம் சுவர் போல நின்று உள்நாட்டுடன் அதற்கிருந்த தொடர்பைத் தடுத்தது. திமிங்கில வேட்டை நலிந்துகொண்டிருந்த காலத்தில், ஊர் பிழைக்க வேண்டுமானால் உள்நாட்டுச் சந்தைகளுக்கு ஒரு வழி வேண்டும் என்று உணர்ந்த வணிகர்கள், பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீவன்சனை அழைத்து ஆலோசனை கேட்டார்கள். அவர் திட்டமிட்ட பாதை 1836-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. நீராவி இன்ஜினால் பெயர் பெற்ற அந்த மனிதர் இங்கே குதிரைகள் இழுக்கும் ரயிலைத்தான் அமைத்தார். சிறிய ஊர்களுக்கு இடையே, கூர்மையான வளைவுகளோடு செல்லும் பாதைக்கு அதுவே போதும் என்பது அவருடைய கணிப்பு. அந்தக் காலத்துக்கு அது தவறில்லை என்றே நான் கருதுகிறேன்.

நிலம் அவரை இரண்டு இடங்களில் கடுமையாகச் சோதித்தது. முதலாவது, உச்சியை ஒட்டிக் கிடக்கும் ஃபென் பாக் என்ற ஆழமான சதுப்பு. எவ்வளவு மண் கொட்டினாலும் விழுங்கிவிடும் அந்த இடத்தில், மரக்கட்டைகளையும் ஹெதர் கட்டுகளையும் ஆட்டு ரோமத்தையும் அடுக்கி, அந்தப் படுகையின் மேல் பாதையை மிதக்கவிட்டார்கள். இன்று உங்கள் பெட்டி அந்தச் சதுப்பின் மேல்தான் செல்கிறது.

இரண்டாவது, பெக் ஹோல் என்ற இடத்தில் 15 அடிக்கு ஓரடி உயரும் சரிவு. அதில் குதிரைகளால் ஏற முடியாது என்பதால் வண்டிகளைக் கயிற்றில் கட்டி இழுத்தார்கள். தொடக்கத்தில் மேலிருந்து தண்ணீர் நிரப்பிய தொட்டி வண்டியை இறக்க, அதன் எடையால் கீழே நின்ற வண்டி மேலேறியது. 1845-இல் ரயில் முதலாளி ஜார்ஜ் ஹட்சனின் கம்பெனி இந்தப் பாதையை வாங்கி, 1847-இல் நீராவி இன்ஜின்களை ஓடவிட்ட பிறகும், இந்த ஒரு சரிவில் மட்டும் கயிறு தொடர்ந்தது. ஆபத்தான அந்தச் சரிவைச் சுற்றிக்கொண்டு போகும் புதிய வழி 1865-இல் திறக்கப்பட்டது. இப்போதைய ரயில் செல்வது அந்த வழியில்தான்.

சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1965-இல், நாடெங்கும் நட்டத்தில் ஓடிய கிளைப் பாதைகளை மூடிய அலையில் இதுவும் மூடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்திருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். 1967-இல் அந்த வட்டாரத்து மக்களும் ரயில் ஆர்வலர்களும் சங்கம் அமைத்து, நிதி திரட்டி, பாதையைக் காப்பாற்றி, 1973-இல் மீண்டும் திறந்தார்கள். இன்றும் நூற்றுக்கணக்கான தொண்டர்கள் சம்பளம் வாங்காமல் இங்கே உழைக்கிறார்கள். காட்சிகளைவிட எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

என் தந்தை கரி இன்ஜினில் ஃபயர்மேனாக இருந்தவர். அங்கேயும் ஊட்டி ரயில் போலப் பற்சக்கரம் உண்டா? ஏற்றத்தில் ஃபயர்மேனின் வேலை எப்படி இருக்கும்?
– வாசகர், ஈரோடு

பற்சக்கரம் கிடையாது. நீலகிரி மலைப்பாதை ஏறக்குறைய 12 அடிக்கு ஓரடி உயர்வதால் அங்கே பல்தண்டவாளம் இல்லாமல் முடியாது. குரோமான்ட்டிலிருந்து கோத்லண்டுக்கு ஏற்றம் 49 அடிக்கு ஓரடிதான். ஆயினும் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள பிடிமானம் ஒன்றை மட்டும் நம்பி ஒரு தொடர் பெட்டிகளை இழுக்கும் இன்ஜினுக்கு, சுமார் மூன்று மைல் நீளும் இந்த ஏற்றம் கடும் சோதனை. இலையுதிர் காலத்தில் ஈர இலைகள் தண்டவாளத்தில் ஒட்டிக்கொண்டால் சக்கரம் வழுக்கும். அப்போது டிரைவர் மணல் தூவிப் பிடிமானம் தேடுவார்.

ஃபயர்மேனின் வேலை வண்டி புறப்படுவதற்கு வெகு நேரத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஏறத் தொடங்கிய பிறகு நெருப்பை வளர்க்க முடியாது என்பதால், நெருப்பறையில் கரியைச் சீராகப் பரப்பி, கண் கூசும் தணல் படுகை ஒன்றை முன்கூட்டியே உண்டாக்கிவிட வேண்டும். ஏற்றத்தில், தணல் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே பார்த்து மண்வெட்டிக் கரியை வீசி, குளிர்காற்று புகாதபடி கதவை உடனே மூடிவிடுகிறார். அதே வேளையில் அவருடைய கண் கண்ணாடிக் குழாயில் தெரியும் தண்ணீர் மட்டத்திலும் இருக்க வேண்டும். புகைபோக்கி முன்னே இருக்க இன்ஜின் ஏறும்போது கொதிகலனில் உள்ள தண்ணீர் பின்புறம், அதாவது நெருப்பறைப் பக்கம் சாய்வதால், குழாயில் நிறைய இருப்பது போலத் தோன்றும். உச்சியைத் தாண்டிச் சரிவில் இறங்கியதும் அதே தண்ணீர் முன்புறம் ஓடிவிடும். அப்போது நெருப்பறையின் கூரைத் தகடு தண்ணீரை விட்டு வெளியே தெரிந்துவிட்டால் தகடு பழுத்துவிடும். அதில் எச்சரிக்கைக்காகப் பொருத்திய ஈயத் திருகு உருகி, நீராவி நெருப்பின் மேல் பாயும். எனவே ஏறும்போதே இறக்கத்தையும் கணக்கில் வைத்துத் தண்ணீர் ஏற்றுகிறவர்தான் நல்ல ஃபயர்மேன். உங்கள் தந்தை இருந்தால் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்.

இந்தப் பாதையில் ஓடிய இன்ஜின்களில், 1937-இல் கட்டப்பட்ட 45428 என்ற எண் கொண்ட பிளாக் ஃபைவ் வகை இன்ஜின் எனக்கு மிகவும் பிடித்தது. ரயில்களைப் படம் எடுப்பதில் புகழ்பெற்றிருந்த எரிக் ட்ரீசி என்ற ஆயரின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள்.

ஒரே நாள்தான் இருக்கிறது. எங்கே ஏறி எங்கே இறங்கலாம்?
– வாசகி, சென்னை

விட்பியிலோ குரோமான்ட்டிலோ ஏறித் தெற்கு நோக்கிச் செல்லுங்கள். இன்ஜின் முழு மூச்சுடன் உழைக்கும் ஓசை அந்தத் திசையில்தான் கிடைக்கும். விட்பி வரை வரும் வண்டிகள் குறைவு என்பதால் முன்பதிவு அவசியம். பாதையின் பெரும்பகுதி ஒற்றைத் தடமாக இருப்பதால் கோத்லண்டிலும் லெவிஷமிலும் எதிர் வண்டிக்காகக் காத்திருக்க நேரலாம். அப்போது பிளாட்பாரத்தில் இறங்கி, கைகாட்டி மரம் இயங்குவதையும், ஒற்றைத் தடத்தில் நுழைய அனுமதியாகத் தரப்படும் டோக்கனைச் சிக்னல்மேனும் இன்ஜின் பணியாளர்களும் மாற்றிக்கொள்வதையும் பாருங்கள். நடக்க முடிந்தவர்கள் திரும்பும்போது கோத்லண்டில் இறங்கி, கைவிடப்பட்ட பழைய பாதை வழியாகக் குரோமான்ட்டுக்கு மூன்றரை மைல் இறங்கி நடக்கலாம். கயிற்றால் வண்டி இழுத்த சரிவு அந்த வழியில்தான் இருக்கிறது. குரோமான்ட்டை நெருங்கும்போது, குதிரைகளுக்காக ஸ்டீவன்சன் குடைந்த சிறிய சுரங்கத்துக்குள் நடந்து போகலாம்.

நிலக்கரி எரிப்பதை உலகமே நிறுத்திவரும்போது, பொழுதுபோக்குக்காக அதை எரிப்பது நியாயமா?
– வாசகர், திருச்சி

நியாயமான கேள்வி. புகையே இல்லை என்று யாரும் வாதிட முடியாது. ஆனால் நாடு முழுவதற்கும் மின்சாரம் தந்த அனல் நிலையங்கள் எரித்த கரியோடு ஒப்பிட்டால், பாரம்பரிய ரயில்கள் எரிப்பது மிகச் சிறிதளவே. கண்ணாடிப் பெட்டிக்குள் குளிர்ந்து கிடக்கும் இன்ஜினிடமிருந்து எந்த இளைஞரும் நெருப்பு வளர்க்கக் கற்றுக்கொள்ள முடியாது. ஓடும் இன்ஜினில் துப்புரவாளராகச் சேர்ந்து, ஃபயர்மேனாகி, டிரைவராகும் ஆண்டுக்கணக்கான பயிற்சியில்தான் அந்தக் கைத்திறன் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அதற்காக இந்தச் சிறிதளவு கரியை எரிப்பது தகும் என்பதே என் கருத்து.

உண்மையான நெருக்கடி கரி கிடைப்பதில் இருக்கிறது. வேல்ஸ் பகுதியின் ஃபோஸ்-இ-வ்ரான் சுரங்கம் 2023-இல் மூடப்பட்டதிலிருந்து, பிரிட்டனின் நீராவி ரயில்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கரியையும், கரித்தூளைப் பிசைந்து செய்த உருண்டைகளையும் நம்பியிருக்கின்றன. மழையில்லாத கோடை வாரங்களில் தீப்பொறி பட்டுக் காய்ந்த ஹெதர் பற்றிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால், நீராவிக்குப் பதிலாக டீசல் இன்ஜினைப் பூட்டி விடுவதும் உண்டு. நீராவிக்காகவே போகிறவர்கள் அன்றைய வண்டிக்கு எந்த இன்ஜின் என்பதைக் காலையில் விசாரித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.