எக்ஸ்-ரே நிறமாலை தரும் எலக்ட்ரான் வெப்பநிலை, தாம்சன் சிதறல் தருவதைவிட 20 சதவீதம் கூடுதலாக வருவது ஏன்?

கேள்வியின் சுருக்கம் இது. டோக்காமாக் (காந்தப்புலத்தால் சூடான பிளாஸ்மாவை அடைத்துவைக்கும் கருவி) ஒன்றில், எக்ஸ்-ரே ஃபோட்டான்களின் ஆற்றலை ஒவ்வொன்றாக அளக்கும் சிலிக்கான் டிரிஃப்ட் டிடெக்டர், அதன் முன்னால் 25 மைக்ரான் பெரிலியம் தகடு, பின்னால் அதன் பல்ஸ்களை அளந்து எண்ணும் டிஜிட்டல் பல்ஸ் பிராசஸர். நிறமாலையின் சரிவிலிருந்து கணக்கிட்டால் வெப்பநிலை 1.2 கிலோ எலக்ட்ரான்வோல்ட் (இனி கேஇவி) வருகிறது. தாம்சன் சிதறல் (எலக்ட்ரான்கள் லேசர் ஒளியைச் சிதறடிப்பதிலிருந்து வெப்பநிலை காணும் முறை) மையத்திலேயே 1 கேஇவிதான் என்கிறது. தவறு டிடெக்டரிலா, எலக்ட்ரானிக்ஸிலா, கணக்கிலா? கூடவே, பக்கத்து போர்ட்டில் உள்ள ஃபோட்டோடையோடு வரிசையில் சிக்னலைவிட இரைச்சல் தூக்கலாக இருக்கிறது, அதற்கு வழி என்ன?

முதலில் பைல்-அப்பை, அதாவது பல்ஸ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வதைச் சந்தேகியுங்கள். டிடெக்டரின் பார்வைக்கோடு சூடான மையத்தையும் கடக்கிறது, குளிர்ந்த ஓரத்தையும் கடக்கிறது. ஆகவே அந்தக் கோட்டில் சேர்ந்து வரும் நிறமாலையின் சரிவு மையத்தின் வெப்பநிலையைவிடச் சற்றுக் குறைவாகத்தான் காட்ட வேண்டும். மையத்தையே மிஞ்சுகிறது என்றால் இரண்டில் ஒன்று: வெப்பச் சமநிலைக்கு வெளியே வேகமான எலக்ட்ரான்கள் இருக்கின்றன, அல்லது இல்லாத உயர் ஆற்றல் ஃபோட்டான்களை உங்கள் எலக்ட்ரானிக்ஸ் உண்டாக்குகிறது. நுண்ணலை அல்லது லோயர் ஹைபிரிட் சூடேற்றம் இல்லாத, வெறும் ஓமிக் ஷாட்டிலும் (பிளாஸ்மாவின் மின்னோட்டம் மட்டுமே சூடாக்கும் ஒருமுறை இயக்கம்), ஓடிப்போகும் எலக்ட்ரான்களின் (மின்புலத்தால் வேகம் கூடிக்கொண்டே போகிறவை) அடையாளம் எதுவும் தெரியாதபோதும், இதே 20 சதவீதம் வந்தால் முதல் காரணத்தைத் தள்ளிவிடலாம்.

பைல்-அப் என்பது இரண்டு ஃபோட்டான்கள் அடுத்தடுத்து விழுந்து ஒரே பல்ஸாக எண்ணப்படுவது. 3 கேஇவி இரண்டு சேர்ந்தால் 6 கேஇவி ஒன்று. ‘மூன்று சதவீதம்தானே, போகட்டும்’ என்று விடுகிற இடத்தில்தான் வெப்பநிலை கெடுகிறது. கணக்கை எளிதாக்க, 2 கேஇவிக்குக் கீழே எதுவும் டிடெக்டரை எட்டவில்லை, அதற்கு மேல் 1 கேஇவி வெப்பநிலைக்குரிய எக்ஸ்பொனென்ஷியல் சரிவு என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 3 லட்சம் ஃபோட்டான்கள். பல்ஸ் பிராசஸரால் 0.1 மைக்ரோவினாடிக்குள் வரும் இரண்டைப் பிரித்தறிய முடியாது. அப்படியானால் சுமார் 3 சதவீதம் நிகழ்வுகள் இரட்டைகள். 6 கேஇவிக்கு மேல் உண்மையில் இருக்க வேண்டியவை மொத்தத்தில் 1.8 சதவீதம்தான். இரட்டைகளால் அங்கே வந்து சேர்பவை 1.2 சதவீதம். 8 கேஇவிக்கு மேலே போனால் உண்மை 0.25, போலி 0.27. பாதிக்கு மேல் போலி! 6க்கும் 8க்கும் இடைப்பட்ட சரிவை மட்டும் எடுத்தால் 1.13 கேஇவி கிடைக்கும். இரட்டைகள் 10 சதவீதமானால் 1.23. நீங்கள் கேட்கும் 20 சதவீதம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

‘பைல்-அப் ரிஜெக்ஷன் போட்டிருக்கிறேனே’ என்பீர்கள். அதன் ஓட்டை பலருக்கும் தெரிவதில்லை. பிராசஸருக்குள் இரண்டு பாதைகள் ஓடுகின்றன. மெதுவான பாதை ஆற்றலை அளக்கிறது. வேகமான பாதை ‘எத்தனை பல்ஸ் வந்தது’ என்று மட்டும் பார்க்கிறது. வேகப் பாதையின் ஷேப்பிங் நேரம் (பல்ஸை வடிகட்டி உருவமைக்க எடுக்கும் நேரம்) குறுகியது என்பதால் அதில் இரைச்சல் அதிகம், ஆகவே அதன் வாசலை (எண்ணப்படுவதற்கான குறைந்தபட்ச பல்ஸ் உயரத்தை) உயர்த்தித்தான் வைத்தாக வேண்டும். மெதுவான பாதை 1 கேஇவியிலேயே ஃபோட்டானைப் பார்க்கிறது, வேகப் பாதைக்கு 2.5 கேஇவிக்குக் கீழே கண் தெரியாது என்று கொள்ளுங்கள். 25 மைக்ரான் தகட்டின் வழியே வரும் நிறமாலையின் உச்சமோ 1.5 கேஇவி அருகில்! கூட்டத்தின் பெரும்பகுதியை வேகப் பாதை காணவே இல்லை. இந்தச் சின்ன ஃபோட்டான்கள் பெரியவற்றின் மேல் ஏறிக்கொள்ள 0.1 மைக்ரோவினாடி இடைவெளி தேவையில்லை. மெதுவான பாதையின் உச்ச நேரமும் (பல்ஸ் உச்சத்தை எட்டும் நேரம்) தட்டையான மேற்பகுதியும் (உச்சத்திலேயே நிற்கும் நேரம்) சேர்ந்த 1.2 மைக்ரோவினாடி முழுவதும் வாசல் திறந்தே கிடக்கிறது. அப்படிப்பட்டவை வினாடிக்கு ஒரு லட்சம் இருந்தால் பத்தில் ஒரு பல்ஸுக்கு மேல் ஏதோ ஓர் அளவு கூடுதல் ஆற்றல் ஒட்டிக்கொள்ளும்.

இதை உறுதிசெய்வது எளிது. ஒரே மாதிரியான இரண்டு ஷாட் எடுங்கள், இரண்டாவதில் டிடெக்டருக்கு முன்னுள்ள துளையின் பரப்பைப் பாதியாக்குங்கள். வெப்பநிலை மாறக் கூடாது. இறங்கினால் பைல்-அப்தான். மாறவே இல்லை என்றால் கீழே உள்ள மற்ற காரணங்களைத் தேடுங்கள்.

நிரந்தரத் தீர்வுக்குத் துளையைச் சுருக்குவதைவிடத் தகட்டைத் தடிமனாக்குவதே நல்லது என்பது என் கருத்து. துளையைச் சுருக்கினால் உங்களுக்கு வேண்டிய 6 கேஇவி ஃபோட்டான்களும் அதே விகிதத்தில் போய்விடும். பெரிலியத்தை 25 மைக்ரானிலிருந்து 100 ஆக்கினால் 2 கேஇவியில் ஊடுருவல் 71 சதவீதத்திலிருந்து 25க்கு இறங்குகிறது. 1.5 கேஇவியில் 44இலிருந்து 4க்கும் கீழே. ஆனால் 6 கேஇவியில் இன்னமும் 95 சதவீதம் கடக்கிறது. 1 கேஇவி பிளாஸ்மாவில் மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகும், சரிவைத் தீர்மானிக்கும் பகுதிக்குச் சேதமில்லை. அதோடு உச்ச நேரத்தையும் குறையுங்கள். 5.9 கேஇவியில் சிலிக்கானின் இயற்கை வரம்பு சுமார் 117 எலக்ட்ரான்வோல்ட் அகலம். 130ஐ எட்டுவதற்காக நீண்ட ஷேப்பிங் வைத்து ரேட்டை (வினாடிக்கு எண்ணும் ஃபோட்டான்களின் எண்ணிக்கையை) பலி கொடுப்பவர்கள் உண்டு. தொடர் நிறமாலையின் சரிவுக்கு 200 இருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. கோடுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால்தான் அந்தச் சிரமம். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: தட்டையான மேற்பகுதி, டிடெக்டரில் மின்சுமை ஆனோடை வந்தடையும் நேரத்தைவிடக் குறுகக் கூடாது. குறுகினால் ஓரத்தில் விழும் ஃபோட்டான்களின் ஆற்றல் குறைவாகப் பதிவாகும்.

ரேட்டைப் பற்றி இன்னொரு சொல். ஷாட் முழுவதற்குமான சராசரியைப் பார்த்து ‘2 லட்சம்தான்’ என்று திருப்தியடைய வேண்டாம். ரம்பப்பல் அலைவின்போது (மைய வெப்பநிலை மெல்ல ஏறிச் சட்டென்று விழும் சுழற்சி) மையக் கதிர்வீச்சு மேலேறிச் சரிகிறது, மாசு வெடிப்பு வந்தால் சில மில்லிவினாடிகளுக்குப் பல மடங்காகிறது. அதனால்தான் ஹிஸ்டோகிராமை மட்டும் சேமிக்காதீர்கள் என்கிறேன். ஒவ்வொரு நிகழ்வுக்கும் நேரமுத்திரை, ஆற்றல், பைல்-அப் கொடி என 8 பைட் ஒதுக்கினால், வினாடிக்கு 3 லட்சம் நிகழ்வுகளுக்கு 2.4 மெகாபைட்தான். மூல அலைவடிவத்தை 100 மெகாசாம்பிள் வேகத்தில் இரண்டு பைட்டாகச் சேமித்தால் சேனலுக்கு வினாடிக்கு 200 மெகாபைட், 10 வினாடி ஷாட்டுக்கு 2 கிகாபைட். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது, ஆனால் ஷாட்டின் தொடக்கத்திலும் நடுவிலும் 1 மில்லிவினாடித் துண்டுகளையாவது எடுத்து வையுங்கள். பின்னால் சந்தேகம் வரும்போது பல்ஸின் உருவத்தைக் கண்ணால் பார்க்க வேறு வழி கிடையாது.

எஃப்பிஜிஏக்குள் (பிராசஸரில் உள்ள, நிரல்படுத்தக்கூடிய சிப்) ட்ரபிசாய்டு வடிகட்டி (பல்ஸைச் சரிவக உருவாக்கி உயரத்தை அளப்பது) இருந்தால் அதில் ஒரே ஓர் எண்ணைச் சரிபாருங்கள்: பல்ஸ் தேயும் காலமாறிலி. ப்ரீஆம்ப் (டிடெக்டரை அடுத்துள்ள முதல் பெருக்கி) 50 மைக்ரோவினாடியில் தேய்கிறது என்றால் 100 மெகாசாம்பிளில் அது 5000 சாம்பிள். வடிகட்டியில் வேறு எண் இருந்தால் ட்ரபிசாய்டு முடிந்தபின் அடிக்கோடு பூஜ்யத்துக்குத் திரும்பாது, மேலேயோ கீழேயோ நீண்ட வால் தொங்கும். அடுத்து வரும் பல்ஸ் அந்த வாலின் மேல் உட்கார்ந்து தவறான உயரம் காட்டும். அறிகுறி: ரேட் கூடக் கூட உச்சத்தின் இடம் நகரும். சேர்ந்த மின்சுமையை அவ்வப்போது ஒரேயடியாக வெளியேற்றும் ரிசெட் வகை ப்ரீஆம்புக்கு இந்தத் தேய்வே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம். டிஜிட்டைசரின் உள்ளீட்டில் ஏசி கப்ளிங் (மின்தேக்கி வழியான இணைப்பு) இருந்தால் அதுவே ஒரு தேய்வைக் கொண்டுவந்துவிடும். மேலும், இந்த வடிகட்டி ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிச் செல்வது. நடுவில் பிட்களை வெட்டினால் வெட்டிய பிழையும் சேர்ந்துகொண்டே போய் அடிக்கோடு மெல்ல நகரும். வெட்டுவதைக் கடைசிப் படியில் மட்டும் செய்யுங்கள்.

அளவுதிருத்தத்துக்கு இரும்பு-55 கதிரியக்க மூலம் போதும். 5.9, 6.49 கேஇவி கோடுகள் இரண்டும் தெரிய வேண்டும். 4.16இல் ஒரு சின்ன மேடு வந்தால் பதறாதீர்கள், அது சிலிக்கானின் சொந்த 1.74 கேஇவி எக்ஸ்-கதிர் டிடெக்டரைவிட்டுத் தப்பிப்போன மிச்சம். இந்த மூலத்தின் ரேட் குறைவு என்பதால் ஆய்வகத்தில் எல்லாமே அழகாக இருக்கும். எக்ஸ்-ரே ட்யூபால் ரேட்டை ஏற்றி அதே கோடு அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான சோதனை. டெட் டைமை (புதிய பல்ஸை ஏற்க முடியாத நேரத்தை) சூத்திரத்தால் ஊகிக்காமல், ரிசெட் நேரம் உட்பட எஃப்பிஜிஏயிலேயே எண்ணுங்கள்.

கணக்குப் பக்கம் வந்தால், லாகரிதம் எடுத்து நேர்கோடு பொருத்துவதை விட்டுவிடலாம். வால் பகுதியில் ஒரு பின்னுக்கு (ஹிஸ்டோகிராமின் ஓர் ஆற்றல் கட்டத்துக்கு) இரண்டு, மூன்று நிகழ்வுகள் இருக்கும். வெற்றுப் பின்னுக்கு லாகரிதமே கிடையாது என்று அதைத் தவிர்த்தால் வால் செயற்கையாக உயர்ந்து, வெப்பநிலையும் கூடிப்போகும். மாதிரி நிறமாலையை எடுத்து, தகட்டின் ஊடுருவல், சிலிக்கானின் திறன், பைல்-அப் எல்லாவற்றையும் அதன்மேல் ஏற்றி, வரும் எண்ணிக்கையைப் பாய்ஸான் வாய்ப்பால் (சிறு எண்ணிக்கைகளுக்கும் பொருந்தும் புள்ளியியல் அளவு) ஒப்பிடுங்கள். 450 மைக்ரான் சிலிக்கான் 10 கேஇவியில் 97 சதவீதம் பிடிக்கும், 20இல் 37தான். இரும்பு (6.4 முதல் 6.7 வரை), நிக்கல் (7.8) கோடுகள் உள்ள பின்களைப் பொருத்தத்திலிருந்து விலக்குங்கள், இவையும் சரிவைத் தட்டையாக்கும்.

இனி ஃபோட்டோடையோடு வரிசை. இரைச்சல் பெரும்பாலும் கேபிளிலிருந்து வருகிறது. டையோடை போர்ட்டில் வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரை 5 மீட்டர் தள்ளி ரேக்கில் வைத்திருப்பீர்கள். கோஆக்ஸியல் கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட், ஆக 500. பின்னூட்ட மின்தடை 1 மெகாஓம் என்றால் அதன் வெப்ப இரைச்சல் 100 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 41 பிகோஆம்பியர். ஆப்-ஆம்பின் (ஆம்ப்ளிஃபயரில் உள்ள பெருக்கிச் சிப்) மின்னழுத்த இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்கு 5 நானோவோல்ட் என்று கொண்டால், அது 500 பிகோஃபாரட்டின் குறுக்கே உண்டாக்கும் இரைச்சல் அதே அகலத்தில் சுமார் 290 பிகோஆம்பியர். ஏழு மடங்கு! விலை உயர்ந்த ஆப்-ஆம்ப் வாங்குவதற்கு முன் ஆம்ப்ளிஃபயரை டையோடுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். அங்கே சிதறல் காந்தப்புலம் இருக்கும், ஃபெரைட் உள்ள டிசி-டிசி கன்வெர்ட்டர்கள் செறிவடைந்து நின்றுவிடும். ஆகவே சப்ளையை மட்டும் வெளியிலிருந்து கொடுங்கள். பின்னூட்டத்தில் 0.5 பிகோஃபாரட் தவறிச் சேர்ந்தாலே 1 மெகாஓமில் வேகம் 320 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும் என்பதையும் போர்டு வரையும்போது நினைவில் வையுங்கள்.

மிச்சம் உள்ளது கிரவுண்டு. 1 சதுரமீட்டர் வளையத்தின் வழியே புலம் வினாடிக்கு 1 டெஸ்லா மாறினால் 1 வோல்ட் தூண்டப்படும். உங்கள் சிக்னலோ மில்லிவோல்ட்கள். டிடெக்டர் தலையைப் பீங்கான் இடைவெளியால் போர்ட்டிலிருந்து பிரித்து, ஒரே புள்ளியில் மட்டும் கிரவுண்டு செய்து, வெளியீட்டை முடிந்தால் ஃபைபரில் அனுப்புங்கள்.

எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க இரண்டு ஷாட் போதும். பிளாஸ்மா இல்லாமல் காயில்களை மட்டும் இயக்கினால் வருவது முழுக்கத் தூண்டல். பிறகு டிடெக்டருக்கும் பிளாஸ்மாவுக்கும் இடையிலுள்ள கேட் வால்வை மூடிவைத்துப் பிளாஸ்மா ஷாட்: முதலில் வந்ததைக் கழித்தால் எஞ்சுவதில் பெரும்பங்கு நியூட்ரானும் கடின எக்ஸ்-கதிரும். ஒரே சேனலில் ஒரே சாம்பிளில் எகிறும் முள்கள் அந்த இரண்டாம் வகை, மீடியன் வடிகட்டி அவற்றை எடுத்துவிடும். ஷாட் இல்லாத நேரத்தில் பெரிலியத்தின் முன் டார்ச் அடித்தும் பாருங்கள். இந்த டையோடுகள் சாதாரண வெளிச்சத்துக்கும் பதில் சொல்லும், கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை ஒன்றிருந்தால் உடனே காட்டிக்கொடுக்கும்.

இந்த வரிசையை டோமோகிராஃபிக்கு (பல பார்வைக்கோடுகளிலிருந்து குறுக்குவெட்டுப் படத்தை மறுகட்டமைப்பது) பயன்படுத்துவதானால் ஓரச் சேனல்களைத் தனியாகத் திருத்துங்கள். தட்டையான தகட்டை 30 டிகிரி சாய்வில் பார்க்கும் சேனலுக்குத் தடிமன் 15 சதவீதம் கூடுதல். 25 மைக்ரானில் 1 கேஇவி ஊடுருவல் 6.1 சதவீதத்திலிருந்து 4க்கு விழும். இதைத் திருத்தாமல் மறுகட்டமைத்தால், குளிர்ந்த ஓரப்பகுதியில் இல்லாத பள்ளமொன்று படத்தில் தோன்றும். துளையை மையமாகக் கொண்டு தகட்டை வளைத்துப் பொருத்தினால் எல்லாச் சேனலுக்கும் ஒரே தடிமன் கிடைக்கும்.